பெல்ட் வண்டி யாருக்குக் கட்டுப்படியாகும்?

பொங்கல் கரும்பின் சக்கை காய்வதற்குள் திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை, தஞ்சாவூர் மாவட்டத்துக் கிராமங்களில் எல்லார் வாயிலும் ஒரே பேச்சு: "வண்டி எப்ப வருது?" டெல்டாவில் தை மாதம் வண்டி என்று சொன்னால் அது நெல் அறுக்கும் மெஷின்தான். "நாளைக்கு மறுநா காலையில உங்க வயல்ல நிக்கும்ணே" என்று போனில் சொல்லும் ஏஜென்ட், அதே காலையை இன்னும் நாலு பேருக்குக் கொடுத்திருப்பார். மூன்றாவது நாளும் வண்டி வராமல், மேற்கே மேகம் திரளும்போதுதான் பத்து, பதினைந்து ஏக்கர் வைத்திருப்பவருக்கு அந்த யோசனை வருகிறது. பேசாமல் சொந்தமாக ஒன்றை வாங்கிப் போட்டால் என்ன? மானியம் இருக்கிறது, கடன் கிடைக்கிறது, டீலர் வீட்டு வாசலுக்கே வந்து பேசுகிறார்.

இந்த யோசனையில் இறங்கும் பெரும்பாலோருக்குக் கை சுடும். வாடகையே மேல் என்பவர்கள் போடும் கணக்கும் முழுக் கணக்காக இல்லை.

முதலில் வண்டியைப் பார்க்கலாம். டெல்டாவில் ஓடுபவை இரண்டு வகை. பெரிய சக்கரம் போட்டது டயர் வண்டி. சக்கரத்துக்குப் பதிலாக, உள்ளே எஃகுக் கம்பி ஓடும் அகலமான ரப்பர் பட்டையில் ஊர்ந்து போவது பெல்ட் வண்டி. சில ஊர்களில் செயின் வண்டி என்பார்கள். காய்ந்த தரையில் டயர் வண்டி வேகமாக அறுக்கும், வாடகையும் குறைவு. வயலில் கால் புதையும் ஈரம் இருந்தால் அது அச்சுவரை இறங்கிவிடும். பிறகு டிராக்டர் கட்டி இழுக்க வேண்டும். பெல்ட் வண்டியோ தன் எடையைப் பட்டையின் முழு நீளத்துக்கும் பரப்பிக்கொள்வதால் சேற்றின் மேல் நகர்ந்துவிடுகிறது. குறுவை அறுப்பு ஐப்பசி மழையோடு மோதும். சம்பா அறுப்பிலும் தை மழை நம்ப முடியாதது. அதனால்தான் குபோட்டாவும் கிளாஸ் நிறுவனத்தின் கிராப் டைகரும் டெல்டாவில் அத்தனை பழக்கமான பெயர்கள்.

பெல்ட் வண்டியின் வசதிக்கு ஒரு விலை உண்டு. தார்ச்சாலையில் ஓட்டினால் பட்டை தேயும். ஊர் விட்டு ஊர் போக அது லாரியில் ஏறியாக வேண்டும். ஒரு ஜோடிப் பட்டை மாற்றினாலே லட்ச ரூபாய்க்கு மேல் போய்விடும். வண்டி விற்கிறவர் விலைப் பட்டியலில் இதையெல்லாம் எழுதுவதில்லை.

புதிய பெல்ட் வண்டி இன்று ஏறக்குறைய 25 லட்சத்திலிருந்து 30 லட்சம் ரூபாய். மானியத்தைக் கழிக்காமல் கணக்குக்கு 28 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். கையிலிருந்து 7 லட்சம், மீதி 21 லட்சம் கடன், ஐந்து வருடம், 11 சதவீத வட்டி. மாதத் தவணை 45 ஆயிரத்தைத் தாண்டும். வருடத்துக்கு ஐந்தரை லட்சம். காப்பீடு, சீசன் முடிந்ததும் பிரித்துப் போட்டுப் பார்க்கும் பெரிய சர்வீஸ், லாரிக் கூலி என்று இன்னொரு லட்சம். ஆக, வண்டி குறைவாக ஓடினாலும் வருடம் ஆறரை லட்சம் ரூபாய் செலவு நிற்காது.

இனி வரவு. மணிக்கு 2,500 ரூபாய் வாடகை கிடைக்கிறது என்று கொள்வோம். அதில் டீசல் ஒன்பது பத்து லிட்டர் குடித்து 900 ரூபாயை எடுத்துக்கொள்ளும். டிரைவர், உடன் வரும் ஆள், அவர்கள் சாப்பாடு, பேட்டா எல்லாம் சேர்த்து 300. வேலை பிடித்துக் கொடுக்கும் ஏஜென்டுக்கு 100, 150. கத்தி, பேரிங், பெல்ட் தேய்மானம் என்று 250. கையில் நிற்பது 900 ரூபாய். ஆறரை லட்சத்தை 900-ஆல் வகுத்தால் எழுநூற்றுச் சொச்சம் மணி நேரம் வரும். முதலாளிக்கு ஒரு ரூபாய் லாபம் வராமல், இந்தச் செலவை மட்டும் ஈடுகட்டவே வண்டி வருடத்துக்கு அத்தனை மணி நேரம் ஓட வேண்டும்.

வாங்க நினைப்பவர் வயலுக்கு அதில் எவ்வளவு வேண்டும்? நிற்கிற பயிரை அறுக்க ஏக்கருக்கு ஒன்று, ஒன்றேகால் மணி நேரம். 15 ஏக்கர், இரண்டு போகம் என்றால் வருடத்துக்கு நாற்பது மணி நேரம்கூட ஆகாது. வாடகைக்கு எடுத்தால் லட்ச ரூபாய்க்குள் முடியும் வேலை. அதற்காக ஆறரை லட்சம் ரூபாய்ப் பொறுப்பைத் தலையில் ஏற்றிக்கொள்வதை, திருமணத்துக்கு ஒருநாள் தேவைப்படும் மண்டபத்தைக் கட்டி வைத்துக்கொள்வதோடுதான் ஒப்பிட வேண்டும். 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒருவரது சராசரி நிலம் 0.75 ஹெக்டேர், இரண்டு ஏக்கருக்கும் குறைவு. அந்தச் சராசரி விவசாயிக்கு வண்டி தேவைப்படுவது போகத்துக்கு இரண்டு, இரண்டரை மணி நேரம்.

"நம்ம வயல் போக மிச்ச நேரம் வாடகைக்கு விட்டுக்கலாம்" என்பதுதான் டீலரும் வாங்குபவரும் சேர்ந்து சொல்லும் பதில். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. அந்த மிச்ச நேரம் எங்கே இருக்கிறது என்பதுதான் சிக்கல். சம்பா, தாளடிப் போகங்களின் அறுப்பு முழுவீச்சில் நடப்பது நாற்பது நாள். காலையில் பனி காயாமல் வண்டியை இறக்கக் கூடாது; ஒன்பதரை, பத்து ஆகிவிடும். மழை நாள், பழுது பார்க்கும் நாள், ஒரு வயலிலிருந்து இன்னொன்றுக்கு நகரும் நேரம் எல்லாம் கழித்தால் 300 மணி நேரம் கிடைத்தாலே பெரிது. குறுவையில் இன்னொரு 150. டெல்டாவை நம்பி மட்டும் ஓடும் வண்டிக்கு வருடத்தில் 250 மணி நேரத்துக்கு மேல் பள்ளம் விழுகிறது.

இந்தப் பள்ளத்தை நிரப்பத் தெரிந்தவர்கள் டெல்டாக்காரர்கள் இல்லை என்பது வேடிக்கை. டெல்டாவில் அறுக்கும் வண்டிகளில் பெரும்பகுதி சேலம், ஆத்தூர், நாமக்கல், பெரம்பலூர், கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து வருபவை. அங்கே காவிரிப் பாசன நெல் வயல் இப்படிப் பரந்து கிடக்கவில்லை. ஆனால் லாரியும் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியும் வைத்து ஊர் ஊராகத் தொழில் செய்த பழக்கம் அந்த வட்டாரத்துக்கு உண்டு. அவர்களுக்கு அறுவடை வண்டியும் இன்னொரு லாரிதான். புரட்டாசி, ஐப்பசியில் பாலக்காட்டு முதல் போகத்துக்கோ டெல்டாக் குறுவைக்கோ போவார்கள். தை, மாசியில் டெல்டா. மாசிக் கடைசியில் மறுபடி பாலக்காடு. அங்கிருந்து கடல்மட்டத்துக்குக் கீழே கிடக்கும் குட்டநாட்டின் 'புஞ்ச' நெல் போகத்துக்கு. பிறகு விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கத்து நவரைப் போகம். கேரளத்தின் நெல் வயல்கள் தமிழ்நாட்டு வண்டிகளை எதிர்பார்த்துக் கிடப்பது அங்குள்ள பத்திரிகைகளில் வருடந்தோறும் வரும் செய்தி. இப்படி நெல் பழுக்கிற ஊரையெல்லாம் துரத்திப் போகிறவருக்குத்தான் 700, 800 மணி நேரம் கிடைக்கிறது.

ஆகவே வண்டி வாங்குவதா என்று யோசிக்கும் டெல்டா விவசாயி தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டியது வேறு: வீட்டை விட்டு வருடத்தில் ஐந்து மாதம் டிரைவரோடு அலைய முடியுமா? அல்லது பாலக்காட்டில் ஓடும் வண்டியின் மணி மீட்டரை மன்னார்குடியில் உட்கார்ந்து நம்ப முடியுமா? முடியும் என்றால் அவர் வாங்கலாம். அப்போது அவர் விவசாயத்தோடு இன்னொரு தொழிலையும் தொடங்குகிறார். முதல் இரண்டு வருடம் அந்தத் தொழிலுக்கே உரிய அடியெல்லாம் விழும்.

பழைய வண்டி வாங்கினால் பாதி விலையில் முடியுமே என்பவர்களும் உண்டு. ஆத்தூர்ப் பக்கம் அதற்கென்றே சந்தை நடக்கிறது. 2,000 மணி நேரம் தாண்டிய வண்டியில் பட்டை, உருளைகள், கதிரடிக்கும் டிரம் மூன்றுக்கும் ஒரே வருடத்தில் செலவு வரும். மீட்டரை மாற்றி வைப்பதும் பெரிய வித்தை இல்லை. மெக்கானிக் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய், சேற்றில் ஓட்டிப் பார்க்காமல் முன்பணம் கொடுப்பவரைக் கடவுள்தான் காப்பாற்ற வேண்டும்.

அப்படியானால் வாடகைதான் லாபம் என்று முடித்துவிடலாமா? வாடகைக் கணக்கில் எல்லாரும் மணிக்கு எத்தனை ரூபாய் என்பதைத்தான் பேசுகிறார்கள். வேளாண் பொறியியல் துறையின் வண்டிக்கு அண்மை ஆண்டுகளில் இருந்த கட்டணம் பெல்ட் வகைக்கு மணிக்கு 1,880 ரூபாய், டயர் வகைக்கு 1,160 ரூபாய். தனியார் பெல்ட் வண்டிக்கு 2,500-க்கு மேல். மழை மிரட்டும் வாரத்தில் 3,000, அதற்கும் மேலே கேட்பதாகக் குறைதீர் கூட்டங்களில் புகார் எழுகிறது. ஆட்சியர் அலுவலகங்களில் வண்டி உரிமையாளர்களையும் விவசாயிகளையும் வைத்து முத்தரப்புக் கூட்டம் போட்டு விலை நிர்ணயிக்கிறார்கள். எல்லாம் சரி. ஆனால் மணிக்கு 500 ரூபாய் கூடுதலாகக் கொடுத்தாலும் ஏக்கருக்கு 600, 650 ரூபாய்தான் அதிகம். வண்டி ஒரு வாரம் பிந்தினால் போவது எவ்வளவு?

ஏக்கருக்கு 24 குவிண்டால் கண்டுமுதல் என்று கொள்வோம். 2025 செப்டம்பர் முதல் அரசு கொள்முதல் நிலையத்தில் சாதாரண ரக நெல்லுக்கு ஊக்கத்தொகை சேர்த்துக் குவிண்டாலுக்கு 2,500 ரூபாய். ஏக்கர் வரவு 60 ஆயிரம். முற்றிய கதிர் வண்டிக்காகக் காத்திருக்கும்போது ஒரு மழை அடித்துப் பயிர் சாய்ந்தால், முதலில் அறுக்கும் நேரம் ஏக்கருக்கு இரண்டு மணி ஆகிறது. அடுத்து, தரையோடு படுத்த கதிரைக் கத்தி தவறவிடுகிறது, நெல் கொட்டுகிறது, முளைக்கிறது. மூன்று நான்கு குவிண்டால் குறைந்தாலே எட்டு, பத்தாயிரம் ரூபாய். அதோடு முடியவில்லை. கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரப்பதத்துக்கு மேல் எடுக்க மாட்டார்கள். ராத்திரி பதினோரு மணிக்கு வந்த வண்டி பனியோடு அறுத்துக் கொட்டிய நெல்லைச் சாலையில் பரப்பி, இரண்டு நாள் காயவைத்து, காவலுக்குப் படுத்துக் கிடக்க வேண்டும். ஏக்கருக்கு 600 ரூபாய்க்காகப் பேரம் பேசுபவர் பத்தாயிரம் ரூபாயை இப்படி விடுகிறார். அவரைக் குறைசொல்லிப் பயனில்லை. பேரம் பேச முடிகிற ஒரே இடம் அதுதான்.

வெளியூர்க்காரர் கண்ணில் படாத இழப்பு ஒன்றும் இருக்கிறது. டெல்டாவில் சம்பா அறுப்பதற்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே, நிற்கிற நெல்லுக்குள் உளுந்தையும் பயறையும் தெளித்துவிடுவார்கள். வயலில் மிஞ்சிய ஈரத்திலேயே அது முளைத்து, தண்ணீர் பாய்ச்சாமல் பங்குனியில் கைக்கு வரும். நெல் விற்ற காசு கடனுக்குப் போனால், உளுந்து விற்ற காசுதான் வீட்டுச் செலவுக்கு. வண்டி சொன்ன நாளில் வந்தால் இரண்டு இலை விட்ட முளை பட்டைக்கடியில் ஓரளவு தப்பும். பத்து நாள் தள்ளி வந்தால் கொடி எழும்பி நிற்கும். பட்டை போன தடம் முழுக்க மசியலாகும். வண்டி திரும்பும் வரப்போரத்தில் உளுந்து மருந்துக்குக்கூட மிஞ்சாது. இந்த நஷ்டத்துக்குப் பயிர்க் காப்பீட்டில் கேட்பார் இல்லை.

2023 பிப்ரவரி முதல் வாரம் இதையெல்லாம் ஒரே நேரத்தில் காட்டியது. அறுக்கத் தயாராக நின்ற சம்பாவின் மீது பருவம் தவறிய மழை கொட்டியது. பாதிக்கப்பட்ட நெல்லுக்கு ஹெக்டேருக்கு 20 ஆயிரம் ரூபாய் நிவாரணம் அறிவித்த முதலமைச்சர், சாய்ந்த பயிரை உடனே அறுக்க வேளாண் பொறியியல் துறை வண்டிகளைப் பாதி வாடகைக்குத் தருவதாகவும் அறிவித்தார். ஒன்றிய அரசு ஈரப்பத வரம்பை 20 சதவீதம் வரை தளர்த்தியது. நல்ல அறிவிப்புகள்தான். துறையிடம் இருந்த வண்டிகளோ தேவைக்கு முன்னால் மிகக் கொஞ்சம். வராத வண்டியின் வாடகையைப் பாதியாகக் குறைத்து யாருக்கு என்ன லாபம்?

திருவாரூர் மாவட்டத்தில் மட்டும் சம்பா, தாளடி மூன்று லட்சம் ஏக்கருக்கு மேல். ஏக்கருக்கு ஒன்றேகால் மணி, வண்டிக்கு 300 மணி என்று வைத்தால் ஒரு மாவட்டத்துக்கே ஆயிரத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் வேண்டும், அதுவும் நாற்பது நாளுக்கு. அத்தனையையும் டெல்டாவே வாங்கி நிறுத்தினால் மீதி நாளெல்லாம் அவை துருப்பிடிக்கும். வெளியூர் வண்டி வந்துதான் ஆக வேண்டும். அரசின் மானியக் கொள்கை இந்த உண்மையைப் பார்க்க மறுக்கிறது.

2014-15 முதல் நடக்கும் வேளாண் இயந்திரமயமாக்கல் துணை இயக்கத்தில் தனி விவசாயிக்கு 40 முதல் 50 சதவீதம் வரையிலும், வாடகை மையம் தொடங்குபவருக்கு 40 சதவீதமும் மானியம் உண்டு; உச்சவரம்புகள் தனி. எத்தனை வண்டிக்கு மானியம் கொடுத்தோம் என்பது ஆண்டறிக்கையில் அழகாக அச்சாகிறது. அந்த வண்டி மானியம் வாங்கிய மாவட்டத்தில் எத்தனை மணி நேரம் ஓடியது என்பதற்கு அறிக்கையில் இடம் இல்லை. கூட்டுறவுத் துறையில் நடந்ததும் இதன் இன்னொரு பக்கம்தான். பல்நோக்கு சேவை மையத் திட்டத்தில் தங்கள் தலையில் கட்டப்பட்ட வாகனங்களையும் இயந்திரங்களையும் திருப்பி ஒப்படைக்கப் போவதாகத் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கப் பணியாளர்கள் 2023-ல் போராட்டத்தில் இறங்கினார்கள். வேலை இருக்கிறதா என்று பார்க்காமல் வாங்கினால் சங்கத்துக்கும் தனி மனிதருக்கும் கதி ஒன்றே.

கூட்டாக வாங்கினால்? பத்துப் பேர் சேர்ந்தால் முதலீடு பத்தில் ஒன்றாகும், உண்மை. அவர்கள் பத்துப் பேர் நெல்லும் ஒரே வாரத்தில் பழுக்கும், அதுவும் உண்மை. முதல் நாள் யார் வயலில் வண்டி இறங்குவது என்ற கேள்வியில் தலைவர் வயல் முந்திக்கொண்டால் குழு அன்றே உடையத் தொடங்கும். நடவு நாளையே மாற்றி, குறுகிய கால ரகம், மத்திய கால ரகம் என்று பிரித்து, அறுப்பு நாளை முன்கூட்டியே எழுதி வைக்கிற உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் வண்டி வாங்கலாம். மிச்ச மணி நேரத்துக்குச் சேலத்துக்காரரோடு ஒப்பந்தம் போட்டுப் பாலக்காட்டுக்கு அனுப்பவும் தெரிந்திருந்தால் இன்னும் நல்லது. வண்டி வாங்கிய பிறகு விதி எழுதலாம் என்று இருக்கும் குழு அந்தப் பணத்தை உலர்களத்துக்குச் செலவிடட்டும். உலர்களத்துக்குத் தவணையும் இல்லை, டிரைவரும் வேண்டாம்.

வாடகைக்கு எடுப்பவர்கள் விலையைவிட முக்கியமாகச் சண்டை போட வேண்டியது கணக்கு முறைக்காக. இப்போது மணிக்கணக்கு. வண்டியில் இருக்கும் மீட்டர் என்ஜின் ஓடும் நேரத்தை எண்ணும். கதிர் அறுபடுகிறதா என்று அதற்குத் தெரியாது. டிரைவர் வரப்பில் நிறுத்தி போன் பேசினாலும், மெதுவாக ஓட்டினாலும் மீட்டர் ஏறும். அதனால்தான் வயல்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டி பின்னாலேயே நடக்கிறார். நிற்கிற பயிருக்கு ஏக்கர் கணக்கு, சாய்ந்த பயிருக்கு மட்டும் மணிக்கணக்கு என்று முத்தரப்புக் கூட்டத்திலேயே எழுதிவிட்டால் பாதித் தகராறு அங்கேயே தீரும். வண்டிக்காரருக்கும் இதில் இழப்பில்லை. வேகமாக அறுத்துவிட்டு அடுத்த வயலுக்குப் போவார்.

அந்தக் கூட்டம் நடக்கும் காலமும் மாற வேண்டும். அறுப்பு தொடங்கி, விலை ஏறி, விவசாயிகள் சாலைக்கு வந்த பிறகு ஜனவரியில் கூட்டம் போட்டால், வண்டிகள் எந்த ஊருக்கு என்று ஏற்கெனவே ஏஜென்டுகள் பிரித்து முடித்திருப்பார்கள். மார்கழி முதல் வாரத்தில் கூட்டம் நடக்கட்டும். நடவுத் தேதியும் ரகமும் கிராம நிர்வாக அலுவலரிடமும் உதவி வேளாண்மை அலுவலரிடமும் இருக்கின்றன. எந்தக் கிராமம் எந்த வாரத்தில் அறுக்கும் என்பது கார்த்திகையிலேயே தெரியும். அதை வைத்து வெளிமாவட்ட வண்டிகளை வட்டம் வட்டமாகப் பதிவுசெய்து, சொன்ன நாளில் வந்து நிற்கும் வண்டிக்கு லாரிக் கூலியில் ஒரு பங்கை அரசு கொடுக்கலாம். ஒரு புதிய வண்டிக்குத் தரும் மானியத்தில் பல வண்டிகளை ஆத்தூரிலிருந்து திருத்துறைப்பூண்டிக்குக் கொண்டுவந்துவிட முடியும். துறையின் சொந்த வண்டிகளை மாவட்டத் தலைநகரில் நிறுத்தி வைக்காமல், தனியார் வண்டி வரத் தயங்கும் கடைமடைச் சேற்று வயல்களுக்கென்று ஒதுக்க வேண்டும். இப்போது அரசின் உழவன் செயலியில் வண்டிக்காரர்களின் போன் எண் கிடைக்கிறது. அந்த வண்டி இன்று எந்த ஊரில் நிற்கிறது, அடுத்து யார் வயல் என்பதும் அதில் தெரிந்தால், "நாளைக்கு மறுநா" என்று நாலு பேருக்கு ஒரே காலையை விற்க ஏஜென்டால் முடியாது.